வெள்ளரிக்காயும் இருபது செகண்டும்

ரேஸ் பாக்கறவங்களுக்கு ஒரு சின்ன கேள்வி. ஒரு டிராக்ல ரெண்டு கார் உரசிக்குது. உரசினதுல ஒருத்தருக்கு டயர் போச்சு. டயர் போனவர் கோபத்துல மத்தவரைப் பாத்து நடுவிரலைக் காட்டறார். ரேஸ் முடிஞ்சதும் டிவி மைக்குக்கு முன்னாடி நின்னு திட்டறார். இதுல யாருக்கு தண்டனை கிடைக்கணும்? முதல் ஆளுக்கா, ரெண்டாவது ஆளுக்கா, ரெண்டு பேருக்குமா?

2012 மார்ச் 25, மலேசியா செபாங் டிராக்ல இது நிஜமாவே நடந்தது. விரல் காட்டினவர் அப்போ ரெண்டு வருஷமா உலக சாம்பியனா இருந்த செபாஸ்டியன் வெட்டல். திட்டு வாங்கினவர் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். தண்டனை நரேனுக்கு மட்டும். இருபது செகண்ட். விரலுக்கு ஒண்ணும் இல்லை.

இதை ஏதோ நம்மாளுக்கு அநியாயம் பண்ணிட்டாங்கன்னு ஒப்பாரி வைக்கறதுக்காக எழுதலை. கார் ரேஸ்ல நடத்தைக்குக் குடுக்கற தண்டனை எப்படியெல்லாம் மாறி மாறி வந்திருக்குன்னு பாக்கறதுக்கு இந்த ஒரு கேஸ் போதும். அதான் இதுல இருந்து ஆரம்பிக்கறேன்.

நம்ம ஏரியா சமாச்சாரம்

எங்க காட்டுப்பாக்கத்துல இருந்து பூந்தமல்லி போய், பெங்களூர் ஹைவேல ஸ்ரீபெரும்புதூர் பக்கமா போனா இருங்காட்டுக்கோட்டை வரும். அங்கதான் மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக். இப்போ மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்னு பேர். 1990ல திறந்தது. ஒரு சுத்து 3.717 கிலோமீட்டர், 12 திருப்பம். அதுக்கு முன்னாடி ரேஸ் எல்லாம் சோழவரத்துல, ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்துல நடந்துட்டு இருந்தது. நம்ம அப்பாக்கள் தலைமுறைகிட்ட கேட்டா சோழவரம் ரேஸ் பத்தி கதை கதையா சொல்லுவாங்க.

நரேன் இந்த ஸ்ரீபெரும்புதூர் டிராக்ல ஃபார்முலா மாருதி ஓட்டி வளர்ந்த ஆள். 1977ல பிறந்தவர். அவங்க அப்பா ஜி.ஆர். கார்த்திகேயனும் ராலி ஓட்டினவர்தான். நரேன் அப்புறம் இங்கிலாந்து போய், 2005ல ஜோர்டான் டீம்ல சேர்ந்து, ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர் ஆனார். அதே வருஷம் அமெரிக்காவுல நாலாவது இடம். அன்னிக்கு மிஷலின் டயர் போட்ட டீம் எல்லாம் விலகிப் போய் ஆறு கார்தான் ஓடிச்சுங்கறது வேற கதை.

2012ல அவர் இருந்தது ஹெச்.ஆர்.டி. டீம். அந்தக் கூட்டத்துல ரொம்ப சின்ன டீம். மலேசியாவுக்கு ஒரு வாரம் முன்னாடி மெல்போர்ன்ல ரெண்டு ஹெச்.ஆர்.டி. காரும் தகுதிச் சுற்றுல 107 சதவீத நேரத்துக்குள்ள வர முடியாம, ரேஸ்லயே ஓட முடியலை. அவ்வளவு ஸ்லோ கார்.

செபாங்ல நடந்தது

மலேசியாவுல செம மழை. எல்லாரும் டயர் மாத்த பிட்டுக்கு ஓடினாங்க. நரேன் முதல்லயே முழு மழை டயர் போட்டு ஆரம்பிச்சிருந்ததால நிக்கவே வேண்டியதில்லை. மழை ஜாஸ்தியாகி ரெட் ஃப்ளாக் காட்டி ரேஸை நிறுத்தினப்போ நம்மாள் பத்தாவது இடத்துல! கடைசி வரிசை கார் பத்தாவதுல நிக்கற அழகை ஸ்கிரீன்ல பாத்து எத்தனை பேர் விசில் அடிச்சிருப்பாங்க :-)

ரேஸ் திரும்ப ஆரம்பிச்சதும் ரெண்டு சம்பவம்.

முதல்ல ஜென்சன் பட்டன். இவரும் முன்னாள் உலக சாம்பியன். திருப்பத்துல பிரேக் பிடிக்க முடியாம நரேன் கார்ல இடிச்சார். பட்டனோட முன் இறக்கை உடைஞ்சது. தப்பு என்னோடதுன்னு பட்டனே ஒத்துக்கிட்டார். அவருக்கு தண்டனை எதுவும் வரலை.

அப்புறம் வெட்டல். நாலாவது இடத்துல போயிட்டு இருந்தவர், ஒரு சுத்து பின்னாடி இருந்த நரேனைத் தாண்டறார். நரேன் ஓரம் ஒதுங்கி வழி விட்டார். தாண்டின வெட்டல் தன்னோட லைனுக்கு உள்ள வர, நரேனும் ஓரத்துல இருந்து டிராக்குக்குத் திரும்ப, நரேனோட முன் இறக்கை வெட்டலோட பின் டயரைக் கிழிச்சிடுச்சு. நாலாவது இடம்னா 12 பாயிண்ட். வெட்டல் முடிச்சது 11வது இடத்துல. பாயிண்ட் பூஜ்யம்.

வெட்டலுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். 12 பாயிண்ட் சும்மா இல்லை. அந்த வருஷக் கடைசியில அவர் அலோன்சோவை ஜெயிச்சது வெறும் 3 பாயிண்ட் வித்தியாசத்துல (281க்கு 278). இன்னும் ரெண்டு இடத்துல சறுக்கியிருந்தா செபாங்கை நினைச்சு காலம் பூரா புலம்பியிருப்பார்.

ஆனா கோபத்துல அவர் பண்ணினது விரலைக் காட்டினது. அப்புறம் ஜெர்மன் நிருபர்கள்கிட்ட, ரோட்டுல சில வெள்ளரிக்காய்ங்க வண்டி ஓட்டற மாதிரி இங்கயும் ஒண்ணு இருக்குங்கற ரீதியில பேசினது. ஜெர்மன்ல வெள்ளரிக்காய்னா ஒண்ணுக்கும் உதவாத ஆள்னு அர்த்தம். ஆங்கிலப் பத்திரிகைகள்ல அது முட்டாள்னு போச்சு. நரேன் பதிலுக்கு, பெரிய டீம்ல இருக்கறவர் சின்ன டீம்காரன் மேல பாயறது ப்ரொஃபஷனல் இல்லைன்னு சொன்னார்.

ஸ்டூவர்ட்ஸ், அதாவது ரேஸுக்கு நடுவர்களா உக்காந்திருக்கறவங்க, மோதலுக்குக் காரணம்னு நரேனுக்கு ட்ரைவ் த்ரூ குடுத்தாங்க. ட்ரைவ் த்ரூன்னா பிட் லேன் வழியா மெதுவா ஒரு தடவை போய்ட்டு வரணும். ரேஸ் ஏற்கெனவே முடிஞ்சிட்டதால அதுக்குப் பதிலா மொத்த நேரத்துல 20 செகண்ட் சேத்தாங்க.

எண் ஒண்ணு, எடை வேற

இப்போ யோசிங்க. கடைசி வரிசையில முடிச்ச ஆளுக்கு 20 செகண்ட் சேத்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. பாயிண்ட் இருந்தாத்தானே போறதுக்கு! அதே 20 செகண்ட் முன்னாடி ஓடறவருக்கு விழுந்தா நாலஞ்சு இடம் போயிடும்.

அப்போ நரேனுக்கு உண்மையான தண்டனை எது? அந்த வெள்ளரிக்காய்தான். இருபது செகண்ட் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்தத் திட்டு உலகம் பூரா பேப்பர்ல வந்தது. சின்ன டீம்ல சீட்டுக்காக ஸ்பான்சர் தேடி அலையற ஒருத்தருக்கு அந்தப் பேர் எவ்வளவு நஷ்டம்னு கணக்கு போட முடியாது. அந்த தண்டனையைக் குடுத்தது ஸ்டூவர்ட்ஸ் இல்லை. எதிராளியே குடுத்துட்டார். கேக்க ஆள் இல்லை.

சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இது பழக்கமான விஷயம். ஒரு பக் வந்தா சிவியரிட்டி தனி, ப்ரையாரிட்டி தனின்னு ரெண்டு காலம் இருக்கும். எவ்வளவு பெரிய ஓட்டைங்கறது ஒண்ணு. யாரோட கம்ப்ளெய்ண்ட்ங்கறது இன்னொண்ணு. பெரிய கஸ்டமர் கத்தினா சின்ன பக்கும் மேல ஏறிடும். ரேஸ்லயும் இந்த ரெண்டு காலமும் பல தடவை கலந்து போயிருக்கு. பழைய கேஸ்களைப் பாத்தா தெரியும்.

சுசூகா, அடிலெய்ட், ஹெரெஸ்

1989 ஜப்பான், சுசூகா. செனாவும் ப்ராஸ்ட்டும் மோதிக்கிட்டாங்க. செனா வளைவைச் சுத்தாம தப்பிப் போற பாதை வழியா டிராக்குக்குத் திரும்பி, ரேஸையும் ஜெயிச்சார். அதுக்காக அவரை டிஸ்குவாலிஃபை பண்ணினாங்க. அது போதாதுன்னு அப்புறம் 1,00,000 டாலர் அபராதம், ஆறு மாசம் நிறுத்தி வைக்கப்பட்ட தடை. சாம்பியன் பட்டம் ப்ராஸ்ட்டுக்கு.

1990, அதே சுசூகா. முதல் திருப்பத்துலயே செனா ப்ராஸ்ட் மேல விட்டு ரெண்டு பேரும் வெளிய. பட்டம் செனாவுக்கு. தண்டனை? கிடையாது. அடுத்த வருஷம் 1991ல அதே ஊர்ல செனாவே நிருபர்கள் முன்னாடி, வேணும்னுதான் பண்ணினேன்னு போட்டு உடைச்சார். அப்பவும் எதுவும் நடக்கலை. வளைவைத் தாண்டினதுக்கு ஒரு லட்சம் டாலர், அவ்வளவு வேகத்துல வேணும்னே இடிச்சதுக்கு பூஜ்யம்.

1994 அடிலெய்ட். கடைசி ரேஸ். ஷூமாக்கர் சுவத்துல உரசி, திரும்ப டிராக்குக்கு வந்து டேமன் ஹில்லோட மோதினார். ரெண்டு பேரும் அவுட். ஒரு பாயிண்ட்ல பட்டம் ஷூமாக்கருக்கு. ரேஸ்ல நடக்கறதுதான்னு விட்டுட்டாங்க.

1997 ஹெரெஸ். மறுபடியும் கடைசி ரேஸ், இந்தத் தடவை வில்னவ் மேல ஷூமாக்கர் திருப்பினார். இடிச்சவர் மணல்ல மாட்டினார், வில்னவ் சாம்பியன். அன்னிக்கு டிராக்ல இருந்த ஸ்டூவர்ட்ஸ் இதையும் சகஜமான மோதல்னுதான் சொன்னாங்க. நவம்பர்ல எஃப்.ஐ.ஏ. கூப்பிட்டு விசாரிச்சு, அந்த வருஷ பாயிண்ட் பட்டியல்ல ரெண்டாவது இடத்தில இருந்து அவர் பேரை எடுத்தாங்க. ஆனா ஜெயிச்ச ரேஸ் எல்லாம் அவர் கணக்குலயே இருக்கும். அபராதம் இல்லை, ஒரு ரேஸ் தடை கூட இல்லை. சாலைப் பாதுகாப்புப் பிரசாரத்துல கலந்துக்கச் சொன்னாங்க. பட்டமே போன ஆளுக்கு ரெண்டாவது இடம் போனா என்ன, போகாட்டி என்ன?

ஒரே ஆள், கிட்டத்தட்ட ஒரே காரியம். 1994ல பட்டம் கிடைச்சது, 1997ல பேரே போச்சு. நடுவுல மூணு வருஷம். மாறினது தப்போட அளவு இல்லை. பாக்கறவங்க மனசுதான் மாறிச்சு.

டெல்லி பக்கத்துல ரெண்டு தீர்ப்பு

நம்ம நாட்டுலயே நடந்த இந்தியன் கிராண்ட் ப்ரீக்கு வருவோம். கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட்ல 2011, 2012, 2013 மூணு வருஷம்தான் நடந்தது.

2011ல பயிற்சி நேரத்துல மஞ்சள் கொடியை மதிக்காததுக்கு ஹாமில்டனுக்கும் பெரேஸுக்கும் மூணு இடம் பின்னால தள்ளி தண்டனை. அதே வாரக் கடைசியில தகுதிச் சுற்றுல ஷூமாக்கருக்கு வழி விடலைன்னு நரேனுக்கு அஞ்சு இடம். மஞ்சள் கொடின்னா முன்னாடி ஆபத்து, மார்ஷல் டிராக்ல நிக்கலாம்னு அர்த்தம். உயிர் சம்பந்தப்பட்டதுக்கு மூணு. ஒருத்தரோட லேப் கெட்டதுக்கு அஞ்சு. போதாக்குறைக்கு, பின் வரிசை ஆளை அஞ்சு இடம் தள்ளினா எங்க போவார், பார்க்கிங்குக்கா?

2013ல வெட்டல் அங்க ஜெயிச்சு நாலாவது பட்டம் வாங்கினார். சந்தோஷத்துல காரை நேரா பார்க் ஃபெர்மேக்குக் கொண்டு போகாம, கிராண்ட் ஸ்டாண்ட் முன்னாடி நின்ன இடத்துலயே சுத்திச் சுத்திப் புகை கிளப்பி, இறங்கி காருக்குக் கும்பிடு போட்டார். கூட்டத்துக்கு செம குஷி. ஸ்டூவர்ட்ஸ் அவரைக் கண்டிச்சு, டீமுக்கு 25,000 யூரோ அபராதமும் போட்டாங்க.

நம்ம ரசிகர்களை சந்தோஷப்படுத்தினதுக்கு 25,000 யூரோ. நம்ம டிரைவருக்கு விரல் காட்டினதுக்கு ஒண்ணுமில்லை. இது ஏதோ சதி எல்லாம் இல்லீங்க. காரணம் ரொம்ப சாதாரணம். ரேஸ் முடிஞ்சதும் கார் எங்க போகணும்னு விதிப் புத்தகத்துல தெளிவா எழுதியிருக்கு. சக டிரைவரை எப்படி நடத்தணும்னு அவ்வளவு தெளிவா எழுதலை. 'விளையாட்டுக்குக் கெட்ட பேர் உண்டாக்கறது'ன்னு ஒரு பொதுவான வரி இருக்கும். அதை எப்போ எடுக்கணும், எப்போ மடிச்சு வைக்கணும்ங்கறது உக்காந்திருக்கறவங்க இஷ்டம். ஒவ்வொரு ரேஸுக்கும் உக்காந்திருக்கற ஆளும் மாறிடுவாங்க.

கிரிக்கெட்ல இந்த விஷயம் கொஞ்சம் தேவலை. அவுட்டானவனுக்குப் பெவிலியன் வழி காட்டினா லெவல் ஒண்ணு. நடுவரை மிரட்டினா அதைவிட மேல. நாலு லெவல், ஒவ்வொண்ணுக்கும் ரேஞ்சு. சண்டை வராம இல்லை, ஆனா எந்தப் படியில நிக்கறோம்னாவது தெரியும்.

அதே வெட்டல், அஞ்சு வருஷம் கழிச்சு

2017 அஜர்பைஜான், பாகு. சேஃப்டி கார் பின்னாடி எல்லாரும் மெதுவாப் போறப்போ, ஹாமில்டன் வேணும்னே பிரேக் பிடிச்சார்னு நினைச்சு வெட்டல் பக்கத்துல வந்து சக்கரத்தால இடிச்சார். 10 செகண்ட் நின்னு போற தண்டனை, லைசென்ஸ்ல 3 பெனால்ட்டி பாயிண்ட். பிட்டுக்குள்ள போய் நின்னு வரணும்ங்கறதால இது நரேனோட 20 செகண்டை விட ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். ஆனா ரேஸ் முடிவு என்ன? ஹாமில்டனுக்குத் தலைப்பக்கம் பேட் கழண்டு பிட்டுக்குப் போக வேண்டி வந்ததால வெட்டல் நாலாவது, ஹாமில்டன் அஞ்சாவது. இடிச்சவர் முன்னாடி! எஃப்.ஐ.ஏ. திரும்ப விசாரிச்சது. வெட்டல் மன்னிப்பு கேட்டார். அதோட முடிஞ்சது.

பெனால்ட்டி பாயிண்ட் முறை 2014ல வந்தது. 12 மாசத்துல 12 பாயிண்ட் சேர்ந்தா ஒரு ரேஸ் தடை. நல்ல யோசனை, யாரா இருந்தாலும் ஒரே கணக்கு. ஆனா அந்தக் கணக்குல முதல் முதலா தடை வாங்கினது யார் தெரியுமா? 2024ல ஹாஸ் டீமோட கெவின் மேக்னசன். மோன்சாவுல காஸ்லியோட ஒரு உரசல், ரெண்டு பாயிண்ட், மொத்தம் 12. இடிபட்ட காஸ்லியே இதெல்லாம் ஒரு விஷயமான்னு ஆச்சரியப்பட்டார். வேணும்னே பெரிசா ஒரு தடவை இடிச்சா மூணு பாயிண்ட். நடுக் கூட்டத்துல இடத்துக்கு அடிச்சுக்கிட்டு சின்னச் சின்னதா அஞ்சாறு தடவை உரசினா தடை. பின்னாடி ஓடற கார்தான் நெரிசல்ல ஓடும். அதனால உரசலும் அங்கதான் ஜாஸ்தி.

2025 ஸ்பெயின்ல வெர்ஸ்டாப்பன், ரஸ்ஸல் மேல விட்டார். 10 செகண்ட், மூணு பாயிண்ட். அஞ்சாவதுல இருந்து பத்தாவதுக்குப் போனார். 10 பாயிண்ட் வர வேண்டிய இடத்துல 1. வருஷக் கடைசியில நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421. அந்தப் பத்து செகண்ட் ஒரு உலகப் பட்டத்தோட எடைக்கு வந்துடுச்சு. செபாங்ல அதைவிட ரெண்டு மடங்கு செகண்ட், எடை பூஜ்யம். செகண்டை மட்டும் பாத்து சமமா இருக்குன்னு சொல்றது ராத்தல் கல்லையும் கிலோ கல்லையும் ஒரே தராசுல போடற மாதிரி.

இப்போ மறுகோடி

2012ல கண்டுக்காத விஷயத்துக்கு இப்போ எஃப்.ஐ.ஏ. ரொம்பவே விறைப்பாயிடுச்சு. 2024 சிங்கப்பூர்ல, தன்னோட கார் பத்தி பேசறப்போ ஒரு கெட்ட வார்த்தை சொன்னதுக்கு வெர்ஸ்டாப்பனுக்கு பொதுச் சேவை. 2025 பிப்ரவரி ஸ்வீடன் ராலியில ஃபூர்மோ தன்னைத்தானே நொந்துக்கிட்டு சொன்ன ஒரு வார்த்தைக்கு 10,000 யூரோ. அதுக்கு மேல 20,000 யூரோ நிறுத்தி வைக்கப்பட்ட அபராதம். டிரைவர்கள் எல்லாம் எதிர்ப்பு சொன்னதும் 2025 மே மாசம் தொகையைப் பாதியாக்கினாங்க.

இதுலயும் அதே கோளாறு. எதிர்ல இருக்கறவனை இன்னார்னு சுட்டித் திட்டினது ஒரு காலத்துல இலவசம். யாரையும் திட்டாம வாய் தவறினது இன்னொரு காலத்துல பத்தாயிரம். ரெண்டு இடத்துலயும் யாரும் கேக்காத கேள்வி ஒண்ணுதான்: இதனால யாருக்கு என்ன காயம்?

நல்லது நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். 2010ல இருந்து ஸ்டூவர்ட்ஸ் கூட ஒரு முன்னாள் டிரைவரும் உக்கார்றார். 2025 ஜூன்ல எந்தத் தப்புக்கு எவ்வளவுன்னு ஸ்டூவர்ட்ஸ் வெச்சுக்கற கையேட்டையே எஃப்.ஐ.ஏ. பொதுவுல வெளியிட்டது. இது பெரிய விஷயம். தீர்ப்பு பிடிக்கலைன்னாலும் எந்த வரியை வெச்சு குடுத்தாங்கன்னு நாமளே பாத்துக்கலாம்.

எனக்குத் தோணறது இதுதான். மோதலுக்கு ஒரு கணக்கு, நடத்தைக்கு ஒரு கணக்குன்னு ரெண்டையும் பிரிக்கணும். மோதலுக்கு செகண்ட் போடு, இடம் தள்ளு, சரி. அது ரேஸ் சம்பந்தப்பட்டது. ஆனா வேணும்னே இடிச்சது, சக டிரைவரைக் கேவலப்படுத்தினது இதுக்கெல்லாம் செகண்ட் சரிப்படாது. கார் முன்னாடி ஓடுதா பின்னாடி ஓடுதாங்கறதைப் பொறுத்து எடை மாறக்கூடாது. ஒரு ரேஸ் வெளிய உக்காருன்னா சாம்பியனுக்கும் வலிக்கும், கடைசி ஆளுக்கும் வலிக்கும். அதை முடிவு பண்றவங்க வருஷம் பூரா ஒரே ஆளுங்களா இருக்கணும். அப்போதான் போன மாசம் என்ன சொன்னோம்னு அவங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

செபாங்கை இந்தக் கணக்குல போட்டுப் பாருங்க. நரேனுக்கு 20 செகண்ட், போகட்டும். வெட்டலுக்கு விரலுக்காக ஒரு கண்டிப்பு, வெள்ளரிக்காய்க்காக பொதுவுல ஒரு மன்னிப்பு. அவ்வளவுதான் கேக்கறோம். ரெண்டு பேர் பேரும் ஒரே தாள்ல வந்திருக்கும்.

இன்னிக்கும் இருங்காட்டுக்கோட்டையில சின்னப் பசங்க ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ரேஸ் ஓட்டறாங்க. அவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பெரிய டீம் கார்ல உக்காரப் போறதில்லை. ஒருவேளை மேல போனாலும் பின் வரிசையிலதான் ஆரம்பிக்கணும், நரேன் மாதிரி. முன்னாடி போறவனுக்கு வழி விடக் கத்துக்குடுக்கறோம், நீலக் கொடியை மதிக்கக் கத்துக்குடுக்கறோம். வழி விட்டவனுக்கும் ஒரு மரியாதை உண்டுன்னு விதிப் புத்தகம்தான் சொல்லணும்.